பனிக்காரிக்குக் குரல் கொடுத்தவர்

மலைக்கு வேலைக்குப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் குழந்தைகளுக்குப் பிள்ளைக்காம்பராவில் காலைக் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தபோது ரியாஸ் நானாவின் அழைப்பு வந்தது. பொகவந்தலாவைக் கடைவீதியில் மோகனதாஸ் அண்ணனின் கடைக்கு அடுத்த கடை அவருடையது. எப்போதும் சத்தம் போட்டுப் பேசுகிற மனிதர் அன்று மெதுவாகப் பேசினார். “டீச்சர், மோகன் மௌத்தாகிட்டார். ஷட்டரத் தூக்கினவர் அப்படியே உக்காந்தார். நான் தண்ணி எடுத்துட்டு வாறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.” எனக்கு உடனே அழுகை வரவில்லை. போனில் வந்த செய்தி பக்கத்தில் யார் காதிலாவது விழுந்ததா என்றுதான் முதலில் பார்த்தேன். ஒரு சொல் யார் காதில் எப்படிப் போய் விழும் என்று பதறுகிற இந்தப் பழக்கம் எனக்கு மோகனதாஸ் அண்ணனோடு பழகியதில் வந்தது. அது எப்படி வந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மோகண்ணனை அறிந்தவர்களுக்காக எழுதுகிறேன். அறியாதவர்கள் இந்தப் பக்கத்தில் குறைவு. அவர் ஒரு கொமினிகேஷன் கடை வைத்திருந்தார். போட்டோகொப்பி எடுத்தார், போனுக்கு ரீலோட் போட்டார், அடையாள அட்டைக்குப் படம் பிடித்தார். அவர் பிடித்த படங்களில் நாங்கள் எல்லோரும் கோழி திருடிப் பிடிபட்டவர்கள் மாதிரி இருப்போம். “சிரிச்சா ஆபீஸ்ல எடுக்கமாட்டாங்க, மொறைங்க” என்பார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஷட்டரை இழுத்துவிட்டு, ‘ஒன்பதாம் நம்பர் மலை’ என்ற பேய் நாவலைக் கிழமைக்கு ஓர் அத்தியாயமாகப் பேசிப் பதிவுசெய்து வட்ஸ்அப்பில் அனுப்பினார். அது அச்சில் வந்த நாவல் அல்ல. தோட்டத்து லய வீடுகளில் சட்டி கழுவிக்கொண்டே கேட்கிற நாவல்.

கதையை மறந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேயிலைத் தோட்டங்கள் உண்டான காலத்தில் வேலைக்காகக் கூட்டமாக நடந்து வந்தவர்கள், நடக்க முடியாத ஒருத்தியைக் காட்டுப் பாதையில் விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அவள் பனிக்காரி என்ற பேயாகி, அவர்களின் வம்சத்தைத் தேடி மலைக்கு வருகிறாள். கொழுந்து எடுக்கும் பெண்களில் ஒருத்தியின் உடம்புக்குள் புகுந்துகொள்கிறாள். பேய் புகுந்த பெண் யார் என்று கண்டுபிடிப்பதுதான் கதை. காக்கிற பக்கத்தில் முனியாண்டி சாமியும் அவருக்குப் பூசை வைக்கும் கிழவனும் நின்றார்கள். நல்லதுக்கும் கெட்டதுக்கும் சண்டை என்று யாராவது சுருக்கினால் மோகண்ணனுக்குப் பிடிக்காது. “கெட்டது எங்கயோ இருந்து வரல டீச்சர். நாமதானே அவள விட்டுட்டு வந்தோம்” என்பார்.

எனக்கு அதில் சின்ன வேலை. கோயில் திருவிழாவில் நான் ஒலிபெருக்கியில் பேசியதைக் கேட்டுவிட்டு, கதையில் வரும் பெண்கள் பேசுகிற இடங்களைப் பேசக் கூப்பிட்டிருந்தார். அண்ணி இஞ்சித் தேத்தண்ணி வைத்துவிட்டு, “பேய எழுப்புறதுக்கு முந்தி குடிச்சிருங்க” என்று சொல்லி உள்ளே போய்விடுவார். பனிக்காரியின் குரல் மட்டும் அண்ணனுடையது. வெறும் பிஸ்கட் டின்னுக்குள் வாயை வைத்து, மூச்சை உள்ளே இழுத்தபடி பேசுவார். அவர் ஆஸ்துமாக்காரர். அந்த இளைப்பையே பேயின் குரலாக்கிக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்து டின்னைப் பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கே மயிர்க்கூச்செறியும். அது மெஷின் குரல் என்றார்கள் பலர். கொழும்பிலிருந்து ஆள் பிடித்தார் என்றார்கள் சிலர். அவர் யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை.

ஒருநாள் ஹட்டன் பஸ்ஸில் இருவரும் வந்துகொண்டிருந்தோம். டிரைவர் அந்த வார அத்தியாயத்தைப் போட்டுவிட்டார். வளைவுக்கு வளைவு பஸ் சாய்கிறது, வெளியே பனி, உள்ளே பனிக்காரி மூச்சு வாங்குகிறாள். அந்த நேரம் பார்த்துக் கண்டக்டர் டிக்கட்டுக்காக ஓர் அம்மாவின் தோளைத் தொட்டார். அந்த அம்மா போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டார். எல்லோரும் பக்கத்தில் இருந்தவர்களைப் பிடித்துக்கொண்டார்கள். பஸ்ஸில் பாட்டுப் பாட ஏறியிருந்த ஓர் இளைஞனின் கையை முன்பின் தெரியாத சிங்களப் பெரியவர் ஒருவர் விடவே இல்லை. மோகண்ணன் கடைசி சீட்டில் பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். “பாத்தீங்களா டீச்சர், பயம் வந்தா மனுசன் பக்கத்துல உள்ளவன் கையப் புடிப்பான். அதுக்குத்தான் நான் இத எழுதுறேன்” என்றார். அவர் அதை உண்மையாகவே நம்பினார். நானும் நம்பினேன்.

பிறகு பொலி அத்தியாயம் வந்தது. மலையில் கொழுந்து எடுக்கத் தொடங்கும்போது பெண்கள் “பொலி, பொலி” என்று குரல் கொடுப்பார்கள். அன்றைய கொழுந்து பெருக வேண்டும், கூடை நிறைய வேண்டும் என்று சொல்கிற வார்த்தை அது. எங்களுக்கு அது காலை வணக்கம் மாதிரி. யாரும் யோசித்துச் சொல்வதில்லை. மோகண்ணன் அதை எடுத்துப் பேய்க்கு அடையாளமாக வைத்தார். பனிக்காரி புகுந்த வாயில் பொலி வராது. எல்லோரும் குரல் கொடுக்கும்போது எவள் வாய் அசையாமல் நிற்கிறாளோ அவள்தான். பூசாரிக் கிழவன் அதைச் சொல்கிற இடத்தில் கதை அந்த வாரத்துக்கு முடியும். பதிவு முடிந்ததும் நான் கை தட்டினேன். அவ்வளவு நன்றாக இருந்தது.

முதலில் எல்லாம் விளையாட்டாகத்தான் போனது. அடுத்த நாள் காலை எங்கள் மலையில் பொலி சத்தம் அக்கரை வரைக்கும் கேட்டதாம். கூட்டத்தில் மூத்தவரான ராசாத்தியக்கா, தொண்டை கிழியக் கத்திவிட்டு, “நான் மனுசிதான், பாத்துக்கங்கடி” என்றாராம். பிள்ளைக்காம்பராவில் அப்போதுதான் பேச்சு வந்த குழந்தைகள்கூடப் பொலி பொலி என்று குதித்தன. பிறகு ஒரு நாள் ராசாத்தியக்கா தன் பேரனை விட வந்தவர், வாசலிலேயே நின்று குரலைத் தாழ்த்தினார். “டீச்சர், எம்பேரன சரோஜா மக பக்கத்துல படுக்கப் போடாதீங்க.” ஏன் என்று கேட்டேன். “அவ பொலி சொல்றதில்ல. எப்பவுமே சொன்னதில்ல. இப்பத்தான் கவனிக்கிறோம்.”

சரோஜா பூண்டுலோயாப் பக்கத்திலிருந்து வந்தவள். புருசன் போன பிறகு, கைக்குழந்தையோடு எங்கள் தோட்டத்தில் தன் அண்ணன் வீட்டில் வந்து ஒட்டிக்கொண்டாள். அதிகம் பேசமாட்டாள். அதுவரை அதை அடக்கம் என்று சொன்ன வாய்கள் இப்போது வேறு மாதிரிச் சொல்லின. அவளுக்குப் பக்கத்துத் தேயிலை நிரையில் யாரும் நிற்கவில்லை. கங்காணி சண்டைக்குப் பயந்து, அவளைத் தனியாக ஓடையோரத்து நிரைக்கு அனுப்பினார். குளவி கிளம்பினால் பெண்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டுதான் ஓடுவார்கள். அவளைக் கூப்பிட யாரும் பக்கத்தில் இல்லை. நான் பிள்ளைக்காம்பரா ஜன்னலில் நின்று அந்த ஓடையோரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். குழந்தைகள் தூங்கும் நேரத்திலும் என்னால் உட்கார முடியாது. பிறகு அவள் அண்ணன் வீட்டு வாசலில் வேப்பிலை கட்டினார்கள். கட்டியது வெளியார் அல்ல, அண்ணன் பெண்சாதி. மாதம் முடிவதற்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள் என்று சரோஜா என்னிடம் சொன்னபோது, அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. மகளின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

நான் கடைக்குப் போய் மோகண்ணனிடம் சொன்னேன். அவர் யாருக்கோ போட்டோகொப்பி எடுத்துக்கொண்டிருந்தார். மெஷின் ஓடி முடிந்தும் தாளை எடுக்கவில்லை. “நான் அந்தப் புள்ளயப் பாத்ததே இல்லையே டீச்சர்” என்றார். பிறகு, “இல்ல, கடையில யாராவது பேசி என் காதுல விழுந்திருக்குமோ? எனக்குத் தெரியாமலே எடுத்துக்கிட்டனோ?” என்றார். அந்தக் கேள்வியை அவர் சாகும்வரை விடவில்லை. நாவலின் முடிவை அன்றுதான் எனக்குச் சொன்னார். பொலி சொல்லாத அந்தப் பெண்தான் உண்மையிலேயே பனிக்காரி. ஊரே சேர்ந்து அவளை எல்லைக்கு அப்பால் விரட்டும். அப்படி முடிக்கவே வேண்டாம் என்றேன். “மாத்திரலாம்” என்றார் உடனே. “பொலிய எல்லாரையும் விடச் சத்தமா சொல்றவதான் பேய்னு வச்சிரலாம். எல்லாரையும் ஏமாத்துறதுக்காகக் கத்துறா.” எழுத்தாளருக்கே உரிய சந்தோஷம் ஒரு நொடி அவர் முகத்தில் வந்தது. “அப்ப ராசாத்தியக்காவ என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டேன். சந்தோஷம் போய்விட்டது. “ஆமா, எந்த அடையாளம் வச்சாலும் அதுக்கு ஒரு ஆள் கெடச்சிருவாங்க” என்று சொல்லிவிட்டு, பிஸ்கட் டின்னை எடுத்து மேசைக்கடியில் தள்ளினார்.

அந்த ஞாயிறு அத்தியாயம் வரவில்லை. அதற்குப் பதிலாகத் தன் சொந்தக் குரலில், “பொலி அடையாளம் நான் கடையில் உட்கார்ந்து யோசித்துச் செய்தது, அதில் ஒரு துளி உண்மையும் இல்லை, யாரையும் சந்தேகப்படாதீர்கள்” என்று பேசி அனுப்பினார். அது போய்ச் சேர்ந்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் படபடப்பு வருகிறது. “பனிக்காரி அண்ணன் வாயையும் கட்டிப்புட்டா, பயந்துபோய்ப் பேசுறாரு” என்று பதில் வந்தது. கடையில் படம் எடுக்க வந்த இரண்டு பெண்கள் அவர் கண்ணைப் பார்க்காமல் திரும்பிப் போனார்கள். நாவல் அதுவரை இல்லாத அளவுக்குப் பரவியது. கொழும்பில் ஒரு யூடியூப் சேனல்காரர் முடிவை மட்டும் படமாக எடுத்துத் தரச்சொல்லி அழைத்தார். மோகண்ணன் வாழ்நாள் முழுவதும் காத்திருந்த அழைப்பு அது. இளைப்பு அதிகமாகி இரவில் உட்கார்ந்தே தூங்குகிறார் என்று அண்ணி சொன்னார்.

அடுத்த ஞாயிறு, பதிவு செய்கிற நேரத்தில், என்னைக் கூட்டிக்கொண்டு சரோஜாவைப் பார்க்க வந்தார். லயத்துக்குப் பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மோகண்ணன் மன்னிப்புக் கேட்டார். அவள், “உக்காருங்க” என்று ஒரு கல்லைக் காட்டினாள். பிறகு, கேட்காமலே, தான் ஏன் பொலி சொல்வதில்லை என்று சொன்னாள். சிறிய கதைதான். கேட்டு முடித்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் தலை நிமிரவில்லை. “இத அவங்ககிட்டச் சொன்னா ஒரே நாள்ல எல்லாம் சரியாப்போயிரும்மா” என்றார் மோகண்ணன்.

“தெரியும்ங்க. ஆனா அது என்னோடது. ஊரு வாயில போட்டு மெல்லுறதுக்குக் குடுக்கமாட்டேன்” என்றாள். துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, “அவங்களுக்குக்கூட நான் பயப்படல. நீங்க கதைக்காரரு. உங்களுக்குத்தான் பயமா இருக்கு” என்றாள்.

அவர் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். திரும்பும் வழியில் மதகில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். “மத்தவங்க கதையக் கேட்டுக் கேட்டுத்தான் நான் எழுதினேன். மொத தடவையா ஒரு கதைய அங்கேயே வச்சுட்டு வாறேன்” என்றார். வருத்தமாகச் சொன்னாரா, பெருமையாகச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு முடிந்து பெண்கள் மலைக்குப் போனபோது, கங்காணியிடம் கேட்டுக்கொண்டு மோகண்ணனும் மேலே ஏறினார். கையில் பிஸ்கட் டின். நான் குழந்தைகளை ஆயாவிடம் விட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். நல்ல பனி. பெண்கள் நிரை பிடித்து நின்றார்கள். சரோஜா தள்ளி ஓடைப்பக்கம். பொலி சொல்வதற்காக ராசாத்தியக்கா வாயைத் திறந்தார். அதற்குள் பனிக்குள்ளிருந்து பனிக்காரியின் குரல் வந்தது. “என்ன விட்டுட்டுத்தானே வந்தீங்க?” என்றது. இரண்டு பேர் கூடையைப் போட்டுவிட்டார்கள். ஒருத்தி அப்படியே குந்திவிட்டாள். நான் நினைத்தேன், இந்த மனிதருக்கு மூளை கலங்கிவிட்டது, இன்றைக்குச் சரோஜாவை அடித்தே கொன்றுவிடுவார்கள் என்று. அதே குரல், அதே இளைப்போடு, “பொலி… பொலி… பொலியோ பொலி” என்றது.

யாரும் அசையவில்லை. பேய் பொலி சொல்லிவிட்டது. மோகண்ணன் டின்னோடு பனியை விட்டு வெளியே வந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார். இருமி முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

“இந்த வாய்தாங்க பனிக்காரி. வேற வாய் கெடையாது” என்றார். “நம்பலன்னா இன்னொரு தடவ சொல்றேன்.”

“அட நாசமாப் போறவரே!” என்றார் ராசாத்தியக்கா. “இத்தன நாளா எங்கள இருட்டுல ஒண்ணுக்குப் போகக்கூட விடலயேய்யா இந்தத் தகர டப்பா!” யாரோ சிரித்தார்கள். பிறகு பலர் சிரித்தார்கள். எல்லோரும் இல்லை. மோகண்ணன் சிரிக்கவில்லை. “யாரு பக்கத்துல யாரு நிக்கிறீங்கன்னு பாத்துட்டுத்தான் நான் எறங்குவேன்” என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். கங்காணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ராசாத்தியக்கா தன் கூடையை எடுத்துக்கொண்டு, முணுமுணுத்துக்கொண்டே, ஓடைப்பக்கம் சரோஜாவின் அடுத்த நிரைக்குப் போனார். அவருக்குப் பின்னால் இன்னொருத்தி போனாள். சரோஜா யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கொழுந்து கிள்ளத் தொடங்கியிருந்தாள்.

எல்லாம் அன்றே சரியாகிவிடவில்லை. வேப்பிலை காய்ந்து விழும்வரை சரோஜாவின் அண்ணன் வீட்டு வாசலில் தொங்கியது. ஆனால் வீட்டை விட்டுப் போகச் சொன்ன பேச்சை யாரும் மறுபடி எடுக்கவில்லை. குழந்தைகள் மோகண்ணனைப் பனிக்காரி மாமா என்று கூப்பிட்டன. அந்தக் குரலுக்கு அதற்குப் பிறகு எவரும் பயப்படவில்லை. குரல் யாருடையது என்று தெரிந்த பிறகு பேய்க்கு என்ன மரியாதை? நாவல் அத்தோடு நின்றது. சேனல்காரரிடம், முடிவு இல்லை என்று சொல்லிவிட்டார். வேறு கதை எழுதலாமே என்று நான் பலமுறை கேட்டேன். “பயம் வந்தா கையப் புடிப்பாங்கன்னு நெனச்சேன் டீச்சர். கைய விட்டுட்டாங்களே. அத முழுசா யோசிச்சுட்டு எழுதுறேன்” என்றார். யோசித்துக்கொண்டே போய்விட்டார். இன்னும் அறுபதுகூட ஆகவில்லை. எனக்கு அதில் கோபம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த அஞ்சலியை எழுத முடியாது.

அவரை அடக்கம் செய்த மறுநாளே பழைய அத்தியாயங்கள் மறுபடி போன்களில் சுற்றத் தொடங்கின. அன்பினால்தான் அனுப்புகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அந்தக் குரலைக் கேட்க ஆசைதான். ஆனால் அந்தக் காலையில் மலையில் நின்றவர்களுக்கு மட்டும்தான் மீதி தெரியும். யாரும் அதைப் பதிவுசெய்யவில்லை. பேய் மட்டும் மறுபடி வருகிறது. பேய் பொலி சொன்னது வருவதில்லை.

போன கிழமை, வட்டவளையிலிருந்து கல்யாணமாகி வந்த ஒரு பெண் தன் குழந்தையை முதல்நாளாகப் பிள்ளைக்காம்பராவில் விட்டாள். மாலையில் கூட்டிப்போக வந்தபோது போனைக் கையில் வைத்துக்கொண்டு என் காதோரம் கேட்டாள். “டீச்சர், இங்க பொலி சொல்லாத பொம்பள ஒருத்தி இருக்காளாமே, நெசமா?” சரோஜாவின் காரணம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஒரே வாக்கியம். சொன்னால் இந்தப் பெண் இங்கேயே அழுதுவிடுவாள், நாளைக்கு மலையே அழும், பிறகு யாரும் சரோஜாவைத் தொந்தரவு செய்யமாட்டார்கள். அப்போது தன் மகளைக் கூட்டிப்போக வந்த சரோஜா வாசலிலேயே நின்றிருந்தாள். கேட்டுவிட்டாள் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

“நாந்தான் அது” என்றாள். உள்ளே வந்து, தொட்டிலில் அழுதுகொண்டிருந்த புதுப் பெண்ணின் குழந்தையைத் தூக்கி அவளிடம் நீட்டினாள். “ஓம்புள்ள பசிக்கு அழுவுது, புடி.” அந்தப் பெண் கையை நீட்டவில்லை. குழந்தை இருவருக்கும் நடுவில் கால்களை உதைத்துக்கொண்டிருந்தது. சரோஜா கையை இழுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அந்தப் பெண் போனை இடுப்பில் செருகிவிட்டு, குழந்தையை வாங்கிக்கொண்டாள். நன்றிக்கா என்றுகூடச் சொன்னாள் என்று நினைக்கிறேன். எனக்குக் காது அடைத்திருந்தது.

மோகண்ணனின் கடையில் எடுத்த படம் ஒன்று என்னிடம் இருக்கிறது, முறைத்துக்கொண்டு. குரல் எல்லோர் போனிலும் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது, அவரும் நானும் கேட்டு, அவர் யாருக்கும் சொல்லாமல் கொண்டுபோன அந்த ஒரு வாக்கியம். இவ்வளவு எழுதிய பிறகும் அதை நான் எழுதவில்லை. எழுதமாட்டேன்.